ஒன்றரைக் கிலோ

"அந்தத் தட்டைக் கீழ வை."

வீரர்கள் குடியிருப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் பயிற்சியாளர் மாஸ்டர் போட்ட அதட்டலில், பக்கத்து மேசையிலிருந்த வேற்று நாட்டு நீச்சல்காரர்கள்கூடத் தங்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். பஞ்சு தன் தட்டிலிருந்த கேக்கை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு அவர் பக்கம் நகர்த்தினாள்.

பஞ்சு பளு தூக்குபவள். தன்னைவிடக் கனமானதைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துகிறவளுக்கு அணியில் யாரோ வைத்த செல்லப்பெயர் அது. அந்தச் சின்ன அணிக்குப் பதக்கம் என்று ஒன்று வந்தால் அவளால்தான் வரும் என்று நாடே நம்பியிருந்தது.

வந்து இறங்கிய மறுநாளே, பெண்கள் அறையில் எடை பார்த்துவிட்டு வெளியே வந்தவள், "ஒண்ணரைக் கிலோ கூட இருக்கு மாஸ்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய எடைப்பிரிவின் வரம்பைத் தாண்டிய அந்த எடையோடு போட்டியன்று போய் நின்றால் மேடையேறவே விடமாட்டார்கள். நாலு வருட உழைப்பு அவ்வளவுதான்.

மாஸ்டர் கேக்கை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். பஞ்சுவின் கண்ணும் கூடவே போனது.

"என்ன பார்வை?"

"ஒண்ணுமில்ல. நீங்க சாப்பிடுங்க மாஸ்டர். அதைப் பாத்தாலே எனக்கு வயிறு நிறைஞ்சிடும்."

அதற்குமேல் எப்படித் தொண்டையில் இறங்கும்? மாஸ்டர் தட்டைத் தள்ளிவிட்டார். "நீ எடைக்கு வர்ற வரைக்கும் உனக்கு என்னவோ அதான் எனக்கும்."

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் வெள்ளரிக்காய், அவித்த முட்டை, சர்க்கரை போடாத தேநீர். விடிந்ததும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு குடியிருப்பைச் சுற்றி ஓட்டம். தொப்பையைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க ஓடிய மாஸ்டரைப் பார்த்து, இவர் எந்தப் போட்டிக்கு வந்திருக்கிறார் என்று மற்ற அணிக்காரர்கள் விசாரித்தார்கள்.

பஞ்சுவோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஜூடோக்காரி மட்டும் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து தினமும் பை நிறைய எதையாவது அறைக்கு அள்ளிக்கொண்டு போவாள். "சரியான தின்னிப்பண்டாரம்" என்று மாஸ்டர் வயிற்றெரிச்சலோடு முணுமுணுப்பார்.

சாயங்காலமானால் ஊரிலிருந்து மாஸ்டருக்கு மனைவி போன் செய்வார்.

"பஞ்சு எப்படி இருக்கா?"

"கிராம் கிராமாத்தான் எறங்குது. எனக்குப் பயமா இருக்கு."

"பாவங்க. அவளை விட்டுட்டு நீங்க மட்டும் எதையாவது தின்னு வைக்காதீங்க."

"எனக்கு மனசு வருமா?" மாஸ்டர் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே சொல்வார்.

போட்டியன்று காலை, எடை பார்க்கும் அறையின் வாசலில் மாஸ்டர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். கதவைத் திறந்து பஞ்சு தலையை நீட்டினாள். "சரியா இருக்கு மாஸ்டர்." அவர் சுவரோடு சரிந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மதியம் அவள் தூக்கியதைப் பயிற்சியில்கூட ஒருநாளும் தூக்கியதில்லை. கடைசி முயற்சியில் பளு தலைக்கு மேல் போய் நின்றது. தூக்கியது செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்குகளும் எரிந்தன. வெண்கலம். மேலே ஏறிய கொடியை மாஸ்டரால் கண்ணீரில் சரியாகப் பார்க்க முடியவில்லை.

நிருபர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இந்தப் பலத்தோட ரகசியம் என்ன சார்?"

"பசி," என்றார் மாஸ்டர். "பட்டினி கெடந்து தூக்கியிருக்கா இந்தப் புள்ள."

பின்னால் நின்ற ஜூடோக்காரிக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் மாஸ்டர், நழுவிய பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "வா, இன்னிக்கு ஒரு பிடி பிடிச்சிடுவோம்" என்று கிளம்பினார். பஞ்சு தன் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அக்கா பேசணுமாம்."

திரையில் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். "எங்க, கொஞ்சம் திரும்புங்க பாப்போம்."

மாஸ்டர் திரும்பிக் காட்டினார். மனைவியின் முகம் மலர்ந்தது.

"என்னை ஏன் பாக்கிற? பஞ்சுவைப் பாரு. ஒண்ணரைக் கிலோ எறக்கியிருக்கா."

"அவ ஒண்ணும் எறக்கலைங்க, அவ எடை மொதல்லருந்தே சரியாத்தான் இருந்துச்சு. டாக்டர் எறக்கச் சொன்னது உங்களைத்தான்."