முதல் பக்கக் கடிதம்

"இதைப் பத்திரிகையில போடணுமா? உனக்கு வெட்கமா இல்ல?"

ஆசிரியர் ஹாஸ்கெல் கடிதத்தை மேஜையில் விட்டெறிந்தார். நான் பக்கத்து அறையில் அச்சுக் கோர்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டேன்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கி மூன்று மாதம். பிரிந்துபோன தெற்கத்திக்காரர்களை அடக்க எங்கள் ஒஹாயோ மாநிலத்துப் பையன்கள் போயிருந்தார்கள். அவர்கள் எழுதும் கடிதங்களைப் பெற்றவர்கள் கொண்டுவந்து தருவார்கள்; வாராவாரம் அச்சடிப்போம். ஊருக்கு அதுதான் வேதவாக்கு.

கடிதத்தைக் கொண்டுவந்த கெசையா அசையவில்லை. புருஷனை இழந்தவள், துணி வெளுத்துப் பிழைப்பவள்.

"என் மூத்தவன் ஆரின் பொய் எழுத மாட்டான்யா. புழுத்த கறி, சேத்துத் தண்ணி. குண்டே படாம காய்ச்சல்லயே பதினோரு பேரைப் புதைச்சாச்சாம். தம்பியை அனுப்பாதேங்கறான்."

"அதைச் சின்னவன்கிட்ட சொல்லு."

"சொன்னேன். அண்ணன் தொடைநடுங்கின்னு சிரிக்கிறான். அச்சுல வந்தாத்தான் நம்புவான். உங்க மகன் லூஷியஸும் அதே கூடாரத்துலதானே இருக்காரு, கேட்டுப் பாருங்க!"

ஹாஸ்கெல் சட்டைப்பையைத் தட்டினார். "அவன் கடிதமும் வந்திருக்கு. சனிக்கிழமை முதல் பக்கத்துல பாரு. ஆம்பளை எப்படி எழுதுவான்னு தெரியும்."

சனிக்கிழமை லூஷியஸின் கடிதம் வந்தது. 'சாப்பாடு கிடைக்கிறது. நானும் ஆரினும் ஒரே கூடாரம். ஊர்ப் பையன்களே, கிளம்பி வாருங்கள்!'

மதியத்துக்குள் பத்தொன்பது பேர் படையில் பெயர் கொடுத்துவிட்டார்கள். அதில் இரண்டாவது பெயர் ஏமஸ், கெசையாவின் சின்னவன்.

ரயிலடியில் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "விடும்மா, மானம் போகுது!" என்று உதறிவிட்டு ஏறினான்.

"பெத்தவளே இப்படி அழுதா நாடு எப்படிம்மா உருப்படும்?" என்றார் ஹாஸ்கெல், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஊரே கைதட்டியது. நானும்தான் தட்டினேன், பாவி.

ஆசிரியர் கோடு போட்டு அடித்த வரியைக் கோர்க்கக் கூடாது. அது எங்கள் தொழில் ஒழுங்கு. லூஷியஸ் எழுதியது நான்கு பக்கம். அடிபடாமல் என் கைக்கு வந்தது இரண்டு வரி. 'கிளம்பி வாருங்கள்' என்பது ஆசிரியரே எழுதிச் சேர்த்தது.

அடிபட்ட கடைசி வரி இது: 'அப்பா, உங்கள் காலில் விழுகிறேன், தம்பி நெட் இருக்கிறானே, அவனை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.'

அனுப்பவில்லை. கடிதம் வந்த அன்றைக்கே அந்தச் சின்ன மகனைக் கனடாவிலுள்ள அத்தை வீட்டுக்கு ரயிலேற்றிவிட்டார்.