சும்மா வந்து நின்ற ராணி

சதுரங்கப் போட்டியில் கறுப்பு அணி சிசிலியன் தற்காப்பு என்ற தொடக்க முறையில் ஆடியது. பத்தாவது நகர்த்தலில் வெள்ளை ராணி, கறுப்புச் சிப்பாய் வெட்டுவதற்கு வாகாக வந்து நின்றாள்.

“வெட்டட்டுமா?” என்றது சிப்பாய்.

“பொறு. சிசிலியனுக்கு ஊர்ப்பட்ட புத்தகம் இருக்கிறது. ஏதாவது ஒன்றில் இந்தப் பொறியும் இருக்கும்,” என்றார் கறுப்பு ராஜா.

“அவளுக்குத் துணைக்கு ஒருத்தரும் இல்லையே,” என்றது குதிரை.

“அதுதான் எனக்கு உதைக்கிறது.”

யோசித்து யோசித்தே கடிகாரத்தில் கறுப்பின் நேரம் தீர்ந்தது. தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாரையும் ஒரே பெட்டியில் போட்டார்கள். ராஜாவின் பக்கத்தில் வெள்ளை ராணி கிடந்தாள்.

“இப்போதாவது சொல். என்ன பொறி அது?”

“பொறியும் இல்லை, ஒன்றும் இல்லை. சிப்பாயை நான் கவனிக்கவே இல்லை.”

ராஜா குதிரையின் பக்கம் சாய்ந்தார். “பார்த்தாயா? அடுத்த ஆட்டத்துக்கும் அந்தப் பொறியைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.”