தளபதி சுமத்திய பழி

"இவ நடத்தை கெட்டவ. இனிமே எனக்குப் பெண்டாட்டி இல்ல."

விருந்துக்கு வந்தவர்கள் கையிலெடுத்த மதுக்கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். சொன்னவர் சீனத் தாங் பேரரசின் வட எல்லைக் கோட்டைத் தளபதி ஃபான் ரோங். தலைகுனிந்து நின்றவள், இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திய மெங்.

துணைத்தளபதி துவான் எழுந்து முன்னால் வந்தான். தளபதி அவனுக்குக் கூடப்பிறக்காத அண்ணன். மெங், காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சி ஊட்டிய அண்ணி.

"பிள்ளை இல்லைன்னாலும் மாமனார் மாமியாருக்கு மூணு வருஷம் துக்கம் காத்தவங்க அண்ணே. அப்படிப்பட்டவங்களைத் தள்ளி வைக்கச் சட்டத்துல இடமில்ல."

"நடத்தை கெட்டவளைத் தள்ள இடமிருக்கு." தளபதி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"இருக்கு, இருக்கு. நானே சாட்சி," என்றார் தலைநகரிலிருந்து வந்திருந்த அதிகாரி. அடுத்த வீட்டுச் சண்டை என்றால் அந்த மனுஷனுக்குக் கரும்பு தின்கிற மாதிரி.

மெங் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மூட்டையோடு போய் வண்டியில் ஏறினாள். காவலாளிகூட வாசலில் காறித் துப்பினான்.

துவான் வண்டிக்காரனை இறக்கிவிட்டுத் தானே கடிவாளத்தைப் பிடித்தான். கோட்டையைத் தாண்டும்வரை பொறுத்துக்கொண்டான்.

"ஏன் அண்ணி வாயே திறக்கல? இந்த நன்றிகெட்ட மனுஷன்கிட்ட இனி நான் வேலை பார்க்கமாட்டேன். உங்களை உங்க அப்பா வீட்ல விட்டுட்டு அப்படியே ஊருக்குப் போயிடறேன்."

"திரும்பிப் போ தம்பி. ஜனங்க மரப்பட்டையைத் தின்னுட்டு இருக்காங்க. விதைத் தினையையும் பிடுங்கி அனுப்பச் சொல்லி அரசாணை வந்திருக்கு. உங்க அண்ணன் நாளைக்கு அரசாங்கக் களஞ்சியத்தை ஜனங்களுக்குத் திறந்துவிடப் போறார்."

துவான் கடிவாளத்தை இழுத்து வண்டியை நிறுத்தினான். "ராஜத்துரோகம் அண்ணி. பெண்டாட்டி தலையையும் சேர்த்து எடுப்பாங்களே."

"பெண்டாட்டியா இருந்தாத்தானே? எனக்காகத்தான் இத்தனை நாள் கையைக் கட்டிக்கிட்டு இருந்தார்."

"உங்களைக் காப்பாத்தணும்னா வேற வழியா இல்ல? இப்படி ஒரு பழியைச் சொல்ல அண்ணனுக்கு எப்படி மனசு வந்தது?"

"எங்க வந்தது?" மெங் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவளைத் தள்ள முடியாதுங்குதே சட்டம். என்ன சொல்லணும்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மாட்டவே மாட்டேன்னு அழுதார். நேத்துலேர்ந்து பச்சைத்தண்ணி குடிக்கல. நீ போய் முதல்ல அவரைச் சாப்பிட வை."