நாலு குலை

“திராட்சையில நாலு குலை காணோம். நேத்து சாயங்காலம்கூட இருந்துது” என்றபடி மாடியிலிருந்து இறங்கி வந்தார் விஜயராகவன்.

மனைவி பாக்கியலட்சுமி காபியை நீட்டினாள். “காக்கா கொத்தியிருக்கும்.”

“காக்கா கத்திரிக்கோல் எடுத்துக்கிட்டா வருது? காம்பை நறுக்கியிருக்கு. எல்லாம் சுவர்ப் பக்கம் தொங்கின குலை. நானும் ஒரு வாரமா பாக்குறேன், விடிஞ்சும் விடியாம பக்கத்து வீட்டு சுரையாவோட கை நம்ம கொடிக்குள்ள வந்து வந்து போவுது.”

“நாலு குலைதானே. பறிச்சா பறிச்சிட்டுப் போவுது, விடுங்க.”

அவரால் விட முடியவில்லை. முல்லா வீதி வீட்டு மொட்டை மாடியில் திராட்சை காய்க்க வைப்பது சாதாரண விஷயமா? கம்பம் ஊரிலிருந்து பதியன் கொண்டுவந்து, பந்தல் போட்டு வளர்த்தது. பந்தலில் பாதி சுவரைத் தாண்டி சுரையா வீட்டு மாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. போன வருஷம் இலைக்கடியில் செஞ்சிலந்தி, குலையெல்லாம் மாவுப்பூச்சி. மூணு தடவை மருந்து அடித்தும் பாதிதான் தேறியது. இந்த வருஷம் மருந்து வாசனையே காட்டவில்லை. ஆனாலும் இலை பளபளவென்று இருந்தது. “வளர்க்கிற கை அப்படி” என்று மின்துறை ஆபீசில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சுரையா தன் நாலு வயசு மகள் லமீஸைக் கூட்டிக்கொண்டு கடலூருக்கு, அம்மா வீட்டுக்குப் போனாள். புருஷன் குவைத்தில். வீடு பூட்டியிருந்தது.

விஜயராகவன் பஸ் ஏறி அரியாங்குப்பம் உரக்கடைக்குப் போனார். இருப்பதிலேயே கடுமையான மருந்தைக் கேட்டு வாங்கினார்.

“பதினஞ்சு நாளைக்குப் பழத்தைத் தொடக் கூடாது சார்” என்றார் கடைக்காரர்.

தலையாட்டிவிட்டு வந்தார். சுவர்ப் பக்கத்துக் குலைகளை மட்டும் சொட்டச் சொட்ட நனைத்தார். தின்னுட்டு ரெண்டு நாள் வயித்தைப் பிடிச்சிக்கிட்டுக் கிடந்தா, அப்புறம் கை நீளாது.

சாப்பிட உட்கார்ந்தபோது பாக்கியலட்சுமி சொன்னாள். “மாடியில மருந்து வாடை அடிக்குதே. சுரையா வந்ததும் சொல்லிடணும்.”

“திருடறவங்களுக்கு சொல்லிட்டு வேற செய்யணுமா?”

“அந்த வீட்ல கொழந்தை இருக்குங்க.”

அவர் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் பக்கத்து வீட்டுப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி அவர் தூங்கின பிறகு சுரையா வந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை விடியற்காலை அந்த வீட்டு மாடிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. செருப்புகூடப் போடாமல் மேலே ஓடினார். சுவரோரம் இலைகள் அசைந்தன. அதே கை.

“கையை எடும்மா. மருந்து அடிச்சிருக்கேன்.”

கை சட்டென்று உள்ளே போனது. சுவரை எட்டிப் பார்த்தார். ஸ்டூல் மேல் நின்றிருந்தாள் சுரையா. கையில் ஈரத்துணி. கீழே ஒரு வாளி சோப்புத் தண்ணீர்.

“பழம் எதையாவது வாயில போட்டியா? லமீஸ் எங்க?”

“நான் எதுக்குண்ணே பழத்தைத் தொடப் போறேன்? லமீஸை அம்மா வீட்லயே விட்டுட்டு வந்தேன். நாளைக்குத்தான் வருவா.”

“ரெண்டு வாரம் கழிச்சு வரட்டும். நீ மொதல்ல போய் கையைக் கழுவு.”

மாடிக் குழாயில் கையைக் கழுவிவிட்டு அவள் திரும்பி வந்தாள். அவர் நகராமல் அங்கேயே நின்றிருந்தார்.

“இந்தத் துணி, வாளியெல்லாம் எதுக்கும்மா?”

அவள் தயங்கினாள். “போன வருஷம் நீங்க மருந்து அடிச்சப்போ லமீஸுக்கு இரைப்பு வந்திடுச்சு. நாலு நாள் பெரியாஸ்பத்திரியில வச்சிருந்தோம். அடிக்காதீங்கன்னு உங்களாண்ட சொல்ல மனசு வரல. எவ்ளோ ஆசையா வளர்க்கிறீங்க. அதான் இந்த வருஷம் துளிர் விட்டதுலேர்ந்து, காலையில தொழுதுட்டு வந்து இலைக்கடியில தொடைச்சி விட்டுடுறேன். பூச்சி எங்க பக்கத்துலதான் மொதல்ல விழுது. அப்படியும் நாலு குலையில மாவுப்பூச்சி வந்திடுச்சு. மத்ததுக்குப் பரவிடப் போவுதுன்னு நறுக்கிப் பொதைச்சிட்டேன். கேக்காம செஞ்சது தப்புதான், கோச்சிக்காதீங்கண்ணே.”

விஜயராகவன் எட்டி ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

சுரையா கொடியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

“இப்ப ஒரு பூச்சிகூட இல்லியேண்ணே, அப்புறம் எதுக்கு மருந்து அடிச்சீங்க?”