பின்கதவு

அருமைநாயகம் தன் பழைய வோல்ஸ்லி காரை என் வாசலில் நிறுத்தி இறங்கினார். பின்கதவைத் திறந்து பிடித்தபடி சற்று நின்றுவிட்டு மெல்லச் சாத்தினார். யாரும் இறங்கவில்லை. அந்த வோல்ஸ்லியைத் தந்துவிட்டு என் பழைய சிங்கர் காரை எடுத்துக்கொள்ளட்டுமா என்று போனில் கேட்டிருந்தார். அப்படியொரு வோல்ஸ்லிக்காக நான் அலையாத ஊரில்லை.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்.” மறுபடி பின்கதவைத் திறந்து, நின்று, சாத்தினார்.

“நீங்க வரலையா?”

“நான் எதுக்கு? நெருக்கமா இருக்கும்.”

வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும், ஆள் உட்கார்ந்த கனத்தோடு பின்சீட்டு முனகியது. பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். அவர் ஓடிவந்து பின்கதவைத் திறந்துவிட்டார்.

“வேண்டாம் சார். எனக்கு என் வண்டியே போதும்.”

அவர் கோபப்படவில்லை. கிளம்புவதற்காகப் பின்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். இந்த முறை வெகுநேரம் நின்றார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற என் சிங்கரை ஒருதரம் பார்த்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. கதவை ஓங்கிச் சாத்திவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வண்டியை விரட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் பின்னால் ஒரு கார்க்கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.