மொரிவாகிக்கு ஒரு ஓட்டு

பள்ளிக்கூட விளையாட்டு அரங்கின் உயர ஜன்னலிலிருந்து காலை வெயில் மேஜை வரை நீள்கிறது. "மொரிவாகி தமாயோ" என்று வாக்காளர் பட்டியலைப் பார்த்துக் கூப்பிடுகிறேன். எதிரில் நிற்கும் அம்மையார், வேறு யாரையோ கூப்பிடுவதுபோலத் திரும்பிப் பார்க்கிறார். தேர்தல் சுவரொட்டிகளில் எல்லாம் அவர் குசுமி தமாயோ. அது பிறந்த வீட்டுப் பெயர்; மொரிவாகி கணவரின் குடும்பப் பெயர். பிறந்த வீட்டுப் பெயரை வைத்துத்தான் ஏழு தேர்தல் ஜெயித்திருக்கிறார்; இன்றைக்கும் வேட்பாளர். கல்யாணமானால் இருவருக்கும் சட்டப்படி ஒரே குடும்பப் பெயர்தான் இருக்கவேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்கியும் இருக்கிறார். "உன்னைத்தான்" என்று பக்கத்தில் நிற்கும் கணவர் முழங்கையால் இடிக்கிறார். இருவரும் வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு தனித்தனி மறைப்புக்குள் போகிறார்கள். இங்கே சீட்டில் வேட்பாளர் பெயரைக் கையால் எழுதவேண்டும். கணவரின் பென்சில் சரசரவென்று ஓடி முடிகிறது. அம்மையாரின் பென்சில் கொஞ்சம் ஓடி, நின்றுவிடுகிறது. வாசலில் கேமராக்கள் காத்திருக்கின்றன. சீட்டை நெஞ்சோடு அணைத்தபடி என் மேஜைக்கே திரும்பி வருகிறார். காதெல்லாம் சிவந்திருக்கிறது. "நீங்க கூப்பிட்ட ஞாபகத்துல மொரிவாகின்னு எழுதிட்டேன். இது எனக்குத்தானே விழும்?" மேலதிகாரியைத் தேடுகிறேன். கணவர் குனிந்து, கேமராவுக்காகச் சிரித்தபடியே முணுமுணுக்கிறார்: "முப்பது வருஷமா என் பேரு உனக்குத்தான்னு சட்டம் சொல்லுது. இப்ப இவரைப் போயா கேக்கிற?"