முதல் கிண்ணம்

“மோந்து பாக்காதீங்க அத்தை. சோப்புத் தண்ணியை எடுங்க.”

சிலிண்டர் குழாய்க்குப் பக்கத்தில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தாள். “கேஸ் கசிஞ்சா நாத்தம் காட்டிக்குடுக்கப் போகுது. இதுக்குப் போய் நுரை கட்டிப் பாக்கணுமா?”

“அப்பா அப்படித்தான் பாப்பார்” என்றாள் மகள்.

அத்தை சோப்புத் தண்ணீரை எடுத்து வந்து குழாயில் தடவினாள். அண்ணன் போய் ஒரு மாதம்தான் ஆகிறது.

பொதுக்கூடத்துச் சமையலறைச் சுவரில் அவர் படம் மாட்டியிருந்தது. தீயணைப்பு அதிகாரியின் சீருடை. பெயிண்ட் கிடங்கில் தீப்பிடித்தபோது உள்ளே புகுந்து இரண்டு பேரைத் தூக்கி வந்ததற்கான பதக்கம். ஓய்வு பெற்ற மறுவாரமே இங்கே வந்து அடுப்பு மூட்டியவர். பதினைந்து வருடம், ஒரு ஞாயிறுகூடத் தவறாமல், நூற்றிருபது பேருக்கு இலவச மதியச் சாப்பாடு. படத்துக்குக் கீழே சிவப்புப் பெயிண்டில் அவரே எழுதிய மூன்று விதிகள்:

சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்காமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது.

சமைப்பவர் ருசி பார்க்கக் கூடாது.

முதல் கிண்ணம், வரிசையில் முதலில் நிற்பவருக்கு.

மகள் பெரிய பாத்திரத்தில் பருப்பையும் காயையும் கொட்டிக் கிளறினாள். கொதி வந்தது. உப்பு டப்பாவைக் கையில் எடுத்தபோது கூடத்துச் செயலாளர் வந்து வாசலில் நின்றார். டப்பாவை மேடையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“கமிட்டியில பேசிட்டோம்மா” என்றார் அவர். “இன்னிக்கு ஒருநாள் நீ சமை. ஜனங்க முகம் சுளிச்சா, அடுத்த வாரத்திலேர்ந்து ஹோட்டல்ல பொட்டலம் வாங்கிக் குடுத்துடலாம். சமையலறைக்குப் பூட்டு.”

“பூட்டு வராது சார்.”

“வீம்புக்குச் சொல்லாதே. உங்கப்பா ஒரு வாய் வைக்காமலே பதம் கண்டுபிடிக்கிற ஆள். அது ஒரு வரம். அப்பாவுக்கு இருந்ததுன்னு உனக்கும் வந்துடுமா? பேசாம ஒரு கரண்டி எடுத்து ருசி பாத்துடு.”

“மாட்டேன். அப்பா ஒருநாளும் பாத்ததில்லை. பசிச்சவனுக்கு முன்னால சமையல்காரன் நாக்கு நீளக் கூடாதும்பார்.”

“அத்தையம்மா, நீங்களாவது சொல்லுங்களேன்.”

“நான் என்னத்தைச் சொல்றது?” என்றாள் அத்தை, வெங்காயத் தோலைக் கூட்டிக்கொண்டே. “எங்கண்ணன் மாதிரி எவன் இருக்கான்? ஒருநாள் காபியில சர்க்கரைன்னு நினைச்சு உப்பை அள்ளிப் போட்டுட்டேன். ஒரு சொட்டு மீதி வைக்காம குடிச்சுட்டு, ‘நல்லாருக்கு’ன்னு தம்ளரை வச்சார். என் மனசு நோகக் கூடாதாம். அப்புறம் நான் என் தம்ளர்ல ஒரு வாய் குடிச்சுட்டு, துப்ப வாசலுக்கு ஓடினேன்.”

“அவர் பொண்ணு சார் நான்” என்றாள் மகள்.

செயலாளர் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே போனார். மகள் அடுப்பை அணைத்தாள். கூடத்தில் வரிசை நீண்டுவிட்டது. முதல் ஆளாக, வழக்கம்போல, கடைத்தெரு டைலர் மாமா. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கே தையல் இயந்திரத்தை மூடிவிட்டு வந்து இடம் பிடிப்பவர். “சோறுன்னா மாமா ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள வந்துடுவார்” என்று வரிசை அவரைக் கேலி செய்யும். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அப்பா முதல் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அவரிடம் தருவார். ஏழைக்குச் செய்கிற மரியாதை என்று எல்லாரும் நெகிழ்வார்கள். மாமா ஒரு வாய் சாப்பிட்டு ஏதோ சொல்வார். அப்பா உள்ளே வந்து, எதையாவது ஒரு கை போட்டு, ஒரு கிண்டு கிண்டிய பிறகுதான் வரிசையைத் திறப்பார். அதற்குக் ‘கைராசிக் கிண்டு’ என்று பேர்.

மகளும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள். தூணோரம் செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். பிறகு, சிரித்த முகம் மாறாமல், குனிந்து அவள் காதோடு பேசினார்.

“உப்பே இல்லம்மா. மூணு கை போட்டுக் கிளறிட்டு வா. மத்ததெல்லாம் அருமை. நான் வரிசையைப் பிடிச்சு வைக்கறேன்.”

மேடையில் வைத்த டப்பா அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. “அப்பாவுக்கு வாயில வைக்காமலே தெரியுமே மாமா. எனக்கு ஏன் தெரியல?”

“நீ ஏன் ருசி பாக்கல?”

“சமைக்கறவங்க பாக்கக் கூடாதே. அப்பா எழுதி வச்சிருக்காரே.”

மாமா கிண்ணத்தைக் கீழே வைத்தார். செயலாளர் காதில் விழாதபடி அவளை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“பெயிண்ட் கிடங்குப் புகையோட உங்கப்பாவுக்கு மூக்கும் போச்சு, நாக்கும் போச்சும்மா. வீட்டுக்குத் தெரிஞ்சா சமைக்க விட மாட்டாங்க, ஊருக்குத் தெரிஞ்சா சாப்பிட வர மாட்டாங்கன்னு பதினஞ்சு வருஷம் என் நாக்கை வச்சுத்தான் ஓட்டினார். அந்த மூணு விதியும் அவர் தனக்காக எழுதிக்கிட்டது. உனக்குத்தான் நாக்கு இருக்கே, போய் உப்பைப் போட்டு ருசி பாரு.”